எச்சில் கரண்டி

அந்தச் சொட்டு ஆறவே இல்லை.

காலையிலிருந்து ஃப்ரீசரில் கிடந்த சின்னத் தட்டு அது. எடுக்கும்போது விரல்நுனி ஒட்டிக்கொண்டது, அவ்வளவு குளிர். கொதிக்கிற ஜாமில் ஒரு சொட்டை அதன் நடுவில் விட்டு, ஜன்னலோரம் நின்று காத்திருந்தாள். ஜாம் பதத்துக்கு வந்ததா என்று பார்க்க அவளுக்குத் தெரிந்து இதைவிட நம்பகமான வழி கிடையாது. குளிர்ந்த தட்டில் சொட்டு சட்டென்று ஆற வேண்டும். விரலால் தள்ளினால் பாலாடை மாதிரி மேலே சுருங்க வேண்டும். இது சுருங்கவில்லை, தள்ளிய பக்கமெல்லாம் தண்ணீராக ஓடியது. அதுகூடப் பரவாயில்லை. தட்டு பனிக்கட்டியாக இருக்க, சொட்டு மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. சுடவில்லை. லேசாகக் காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொட்டால் எப்படி இருக்குமோ அப்படி.

"பாழாப்போன ஃப்ரிட்ஜ்" என்று முணுமுணுத்துக்கொண்டு தட்டைக் கழுவப் போட்டாள்.

மத்தியானத்திலிருந்து இதே கூத்துதான். சர்க்கரை போதவில்லையோ என்று போட்டாள். எலுமிச்சை பிழிந்தாள். ஆப்பிள் தோலைத் துணியில் கட்டி உள்ளே தொங்கவிட்டாள், அது சேர்ந்தால் எந்தப் பழமும் உறையும். அடுப்பைக் கூட்டினாள், குறைத்தாள், மறுபடி கூட்டினாள். ஜாம் கொதித்துக்கொண்டே இருந்தது, கெட்டியாகவில்லை. கொதிக்கக் கொதிக்க வற்ற வேண்டும் இல்லையா, அதுவும் இல்லை. பாத்திரத்தின் உள்சுவரில் முதலில் எந்த இடத்தில் கறை ஏறியிருந்ததோ அதே இடத்தில் இப்போதும் தளும்பியது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து ஒழுகியது, சேலை முந்தானை பிசுபிசுத்தது, இவ்வளவு ஆவி எங்கிருந்துதான் வருகிறது என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

அவள் திரைச்சீலை தைக்கிறவள். ஜாம் போடுவது ஆசைக்குத்தான். காட்டுப்பழம் பழுக்கிற மாதங்களில் வாளியைத் தூக்கிக்கொண்டு புதர் புதராக அலைந்து, கையெல்லாம் முள் கீறி வந்து, வருஷத்துக்குத் தேவையானதைப் போட்டு வைத்துக்கொள்வாள். சாப்பிட்டவர்கள் கைப்பக்குவம் என்றார்கள். அவளுடைய அக்கா மட்டும் ஒன்றும் சொன்னதில்லை. அக்கா பேக்கரி வைத்திருந்தாள், ஊரின் மறுகோடியில். எதிலும் கெட்டிக்காரி, அதைவிட, தான் கெட்டிக்காரி என்பதை நன்றாகத் தெரிந்தவள். அந்த அக்காவே போன வாரம் கூப்பிட்டு, ஜாம் வைத்த பன் ஒன்று புதிதாகப் போடப் போகிறேன், நீ போட்டுத் தருகிறாயா என்று கேட்டிருந்தாள். கேட்டதோடு நிறுத்தியிருக்கலாம். "உன்னால முடியுமாடி? நிஜத்தச் சொல்லு" என்று ஒரு வார்த்தை கூடச் சேர்த்தாள். அந்த ஒரு வார்த்தை ஒரு வாரமாக அவளுக்குள் முள்ளாகக் கிடந்தது.

போதாக்குறைக்கு இந்த வருஷம் பழமும் இல்லை. வழக்கமாகப் பறிக்கிற வேலியோரப் புதர்களைச் சாலை அகலப்படுத்துகிறேன் என்று வழித்து எறிந்துவிட்டார்கள். அவள் தேடித் தேடி, கைவிடப்பட்ட பம்பு அறையைத் தாண்டி, இதற்குமுன் போகாத ஒரு பள்ளத்தில் இறங்கியபோதுதான் அந்தப் புதரைப் பார்த்தாள். இலை தெரியாமல் பழுத்துக் கிடந்தது. காட்டுப்பழம் ஒரே சமயத்தில் பழுக்காது. ஒரு கொத்தில் நான்கு கருத்திருந்தால் நான்கு சிவந்து நிற்கும், மீதி பச்சை. இங்கே எல்லாமே கருப்பு. ஒன்றில்கூடப் பறவை கொத்திய தழும்பு இல்லை. கீழே ஒரு பழம் உதிர்ந்திருக்கவில்லை, ஓர் எறும்பு இல்லை. பறவை தொடாததைத் தொடாதே என்பது பழம் பறிக்கிற எல்லாருக்கும் தெரிந்த பாடம். அவளுக்கும் தெரியும். ஆனால் அன்று அவள் காலையிலிருந்து நடந்திருந்தாள், வாளி காலியாக இருந்தது, அக்காவின் குரல் காதில் இருந்தது. ஒன்றை நாக்கில் வைத்துப் பார்த்தாள். கசக்கவில்லை. இனிப்பும் இல்லை, சும்மா ஈரமாக இருந்தது. துப்பிவிட்டுப் பறிக்க ஆரம்பித்தாள். பழம் கைக்கு வந்த விதம்தான் கொஞ்சம் விசித்திரம். இழுக்க வேண்டியிருக்கவில்லை. விரல் மூடுவதற்குள் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

வாளி நிறைந்த சந்தோஷத்தில் அதையெல்லாம் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாலையில் கணவன் வந்தான். வேன் ஓட்டுகிறவன். கதவைத் திறக்கும்போதே மூக்கை உறிஞ்சிக்கொண்டு நேராகச் சமையலறைக்கு வந்து, அவள் திரும்புவதற்குள் கரண்டியால் அள்ளி, ஊதி, நக்கி, கண்ணை மூடிக்கொண்டான். பிறகு அதே கரண்டியைப் பாத்திரத்துக்குள் விட்டு ஒரு கலக்குக் கலக்கினான்.

"எச்சில் கரண்டியப் போய் உள்ள விடறீங்களே" என்றாள். குரல் உடைந்துவிட்டது. மத்தியானத்திலிருந்து சேர்த்து வைத்த எரிச்சலெல்லாம் அந்தக் கரண்டியின் மேல் வந்து விழுந்தது. ஊருக்குக் கொடுக்கிற சாமான், ஒவ்வொரு தடவையும் தனித் தட்டு, தனி ஸ்பூன் என்று நான் பார்த்துப் பார்த்துச் செய்கிறேன், நீங்கள் ஒரு நொடியில் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டீர்கள் என்று பொரிந்து தள்ளினாள். அவன் கரண்டியைப் பிடித்தபடி, மாட்டிக்கொண்ட பையன் மாதிரி சிரித்தான். கொதிக்கிறதில் எச்சில் என்ன எச்சில், எல்லாம் செத்துப் போய்விடும் என்றான்.

அவள் அடுப்பை அணைக்கக் கை நீட்டினாள். அப்போதுதான் சத்தம் மாறியிருப்பதைக் கவனித்தாள். இவ்வளவு நேரம் சளசளவென்று கொதித்தது, இப்போது கனமாக, மெதுவாக, ப்ளக் ப்ளக்கென்று குமிழ்விட்டது. கரண்டியைத் தூக்கிப் பார்த்தாள். விளிம்பில் இரண்டு சொட்டு ஒன்றாகச் சேர்ந்து, விழாமல், ஒரே படலமாகத் தொங்கியது. அருமையான பதம். இப்படி ஒரு பதம் அவளுக்கு எந்த வருஷமும் வந்ததில்லை.

"பாத்தியா, என் கைராசி" என்றான் அவன்.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கீழே கொட்டியிருக்க வேண்டும். அவளே பிறகு அப்படித்தான் நினைத்தாள். அப்போது மனசு வரவில்லை. எச்சிலோ எதுவோ, ஜாம் உறைந்துவிட்டது. கொதிக்க வைத்த பாட்டில்களைத் துடைத்து வரிசையாக வைத்து, சூடாக ஊற்றி, இறுக மூடினாள்.

இதற்கப்புறம் வருகிற சத்தம்தான் அவளுக்கு இந்த வேலையிலேயே பிடித்தது. பாட்டில் ஆற ஆற, மூடியின் நடுவிலிருக்கிற சின்ன மேடு உள்ளே இழுபடும். டக். அப்படி ஒவ்வொன்றாக இழுபட்டால் காற்றுப் புகவில்லை, ஜாம் கெடாது என்று அர்த்தம். சாப்பாட்டு மேஜையில் கால் நீட்டி உட்கார்ந்து அந்த டக்குக்காகக் காத்திருந்தாள். முதல் பாட்டில் டக்கென்றது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். கொஞ்ச நேரத்தில் அதே பாட்டில் மறுபடி டக்கென்றது. எட்டிப் பார்த்தாள். உள்ளே போன மேடு வெளியே வந்திருந்தது. விரலால் அழுத்தினாள், போனது. கையை எடுத்தாள், வந்தது. அடுத்ததும் அப்படித்தான், அதற்கடுத்ததும். மூடி விற்றவனை மனதார வைதுகொண்டே, புது மூடியாகத் தேடி மாற்றினாள். பாட்டில்கள் இன்னும் வெதுவெதுப்பாகவே இருந்தன. ஆறட்டும், காலையில் பார்க்கலாம் என்று படுக்கப் போனாள்.

காலையில் எழுந்து வந்தபோது மேஜையில் பாதி பாட்டில்கள் இல்லை.

கணவன் வேலைக்குப் போகிற வழியில் அக்காவின் பேக்கரியில் இறக்கிவிட்டானாம், போனில் பெருமையாகச் சொன்னான். உனக்கு அலைச்சல் மிச்சம் என்றான். மூடி சரியாக இழுபடவில்லை, கெட்டுப் போகலாம், என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று அவள் பல்லைக் கடித்தாள். உடனே அக்காவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அக்கா காதில் வாங்கவே இல்லை. ஜாம் பிரமாதமாக உறைந்திருக்கிறது, கத்தியால் வெட்டி எடுக்கலாம் போல இருக்கிறது, இன்றைக்கே எல்லாவற்றையும் மாவுக்குள் வைத்து அடுப்பில் ஏற்றப் போகிறேன், கெட்டுப் போக நேரம் எங்கே இருக்கிறது என்றாள். பிள்ளைப் பருவத்திலிருந்து கேட்டு ஏங்கிய பாராட்டு, கிடைத்த நேரத்தில் அவளால் அதை ருசிக்க முடியவில்லை. மேஜையில் மிச்சமிருந்த பாட்டிலில் ஒன்றைக் கையில் வைத்திருந்தாள். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த வீட்டில் இருந்த பாட்டில். அது இன்னும் வெதுவெதுவென்று இருந்தது.

உச்சி வேளையில் கணவன் வேனை வாசலில் கோணலாக நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். அந்த நேரத்தில் அவன் வருகிற வழக்கமே இல்லை. முகம் செக்கச் செவேலென்று இருந்தது. சட்டையைக் கழற்றி எறிந்தான். உடம்பு எரிகிறது என்றான், வெளியே அல்ல, உள்ளே, நெஞ்சுக்கூட்டுக்குள்ளே எரிகிறது என்றான். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தான். அவள் நெற்றியில் கை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள், அவ்வளவு சூடு. டாக்டரிடம் போகலாம் என்று செருப்பைத் தேடினாள். அவன் வேண்டாம் என்று தலையாட்டியபடி கட்டிலில் சாய்ந்தான். அவள் குனிந்து ஈரத்துணியால் அவன் முதுகைத் துடைத்தபோது அவன் தோலிலிருந்து ஒரு வாசனை வந்தது. வியர்வை வாசனை இல்லை. நல்ல வாசனை. சர்க்கரை லேசாகக் கருகி, மாவு பொன்னிறமாக வெந்து, வெண்ணெய் உருகுகிற வாசனை. பசியைக் கிளப்புகிற வாசனை. அவளுக்கு வாயில் நீர் ஊறியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு துணியைப் பிழிந்தாள்.

கொஞ்ச நேரத்தில் சூடு தானாக இறங்கியது, யாரோ அடுப்பைவிட்டு வெளியே எடுத்து வைத்த மாதிரி. அவன் அயர்ந்து தூங்கிவிட்டான். தூங்குவதற்கு முன்னால், "உடம்பு லேசா இருக்கு. பாதி ஆள் மாதிரி இருக்கு" என்று மட்டும் சொன்னான்.

சாயங்காலம் வரை அவள் தையல் மெஷினில் உட்கார்ந்து பார்த்தாள். ஓடவில்லை. ஒரு பக்கம் படுக்கையறையிலிருந்து அவன் குறட்டை, மறுபக்கம் சமையலறையில் அந்தப் பாழும் மூடிகள். டக். டக். நூல் அறுந்தது, கோத்தாள், மறுபடி அறுந்தது. எரிச்சல் மண்டைக்கு ஏறியது. அக்காவும் கேட்பதில்லை, இவனும் கேட்பதில்லை, கடைசியில் மூடிகூட என் பேச்சைக் கேட்காது என்று எழுந்து சமையலறைக்குப் போய், எல்லாவற்றையும் எடுத்துக் கொட்டிவிடுவது என்ற முடிவோடு மேஜை முன்னால் நின்றாள்.

நேற்றுப் போல அல்ல இப்போது. நேற்று ஒன்று முந்தி ஒன்று பிந்தி டக்கென்றது. இப்போது எல்லா மூடியும் ஒன்றாக உள்ளே போயின. எல்லா மூடியும் ஒன்றாக வெளியே வந்தன. நிதானமாக. ஒரு சீராக. அவள் அறியாமலே காது குறட்டையைத் தேடிப் போனது. இழுத்தான், மூடிகள் தாழ்ந்தன. விட்டான், எழும்பின.

தற்செயல்தான். கடிகாரம் இரண்டு இருந்தால்கூடச் சமயத்தில் ஒன்றாக அடிக்கும்.

படுக்கையறைக்குப் போனாள். "ஒருக்களிச்சுப் படுங்க" என்று அவன் தோளைப் பிடித்துத் தள்ளினாள். தோள் கைக்குக் கனமே இல்லாமல் திரும்பியது. குறட்டை நின்றது.

சமையலறையிலும் நின்றது.

வீடே நின்ற மாதிரி இருந்தது. குழாயில் சொட்டுகிற தண்ணீர். தெருவில் ஏதோ சைக்கிள் மணி. அவள் கணவனின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவன் நீளமாக ஒரு மூச்சை இழுத்தான். சமையலறையில், எல்லாப் பாட்டிலும் சேர்ந்து, ஒரே டக்.

அவள் திரும்பிப் போனாள். கால் தானாகப் போனது. முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டிலைப் பிடித்தாள். வெதுவெதுப்பு. மூடியைத் துளி திருகினாள், கொஞ்சமே கொஞ்சம், காற்று ஒரு சீறல் சீறுகிற அளவுக்கு.

உள்ளே அவன் தொண்டை அடைத்துக்கொண்டு திணறினான்.

மூடினாள். இறுக மூடினாள். இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். திணறல் அடங்கியது. மூச்சு திரும்பியது. அவள் மூடியின் மேலேயே நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளங்கைக்கு அடியில் மேடு போயிற்று, வந்தது. கொட்டக் கூடாது. உடைக்கக் கூடாது. சூடுபடுத்தக் கூடாது. இவை இங்கே இருக்கின்றன, பத்திரமாக இருக்கின்றன.

மீதி?

போனை எடுத்து அக்காவின் நம்பரை அழுத்தினாள். வெகுநேரம் மணி அடித்த பிறகு அக்கா எடுத்தாள். பின்னால் ஒரே இரைச்சல், பிள்ளைகளின் குரல்.

"அக்கா, அந்த பன்ன விக்காத."

"இதத்தான் எதிர்பார்த்தேன்" என்றாள் அக்கா. கோபமில்லை, சிரிப்புதான். "உனக்கு எப்பவும் கடைசி நேரத்துல கால் நடுங்கும். பயப்படாதடி. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைங்க மொய்ச்சுக்கிட்டு நிக்குது."

போனைக் காதில் வைத்தபடியே படுக்கையறை வாசலுக்கு வந்தாள். அவன் ஒருக்களித்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். முகத்தில் சிரிப்பு இருந்தது. போர்வைக்கு வெளியே ஒரு கை நீண்டிருந்தது. மேல்கையில் ஏதோ தழும்பு. அவள் கிட்டே போனாள். சின்னச் சின்னக் குழிகள், பிறை மாதிரி வளைந்து. தோல் கிழியவில்லை. ரத்தமில்லை. பல் பதிந்த தடம். மிகச் சின்னப் பல். பால்பல்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் பக்கத்தில் இன்னொரு பிறை விழுந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த சதை மெல்ல உள்வாங்கியது. பிறகு அங்கே சதை இல்லை. பள்ளம் இருந்தது. வழுவழுப்பாக, சுத்தமாக.

"அக்கா. நிறுத்துக்கா. வாங்கினவங்ககிட்டருந்து திருப்பி வாங்கு."

"என்ன பேசற நீ? சாப்பிட்டதத் துப்பச் சொல்லவா?"

"அவரு..."

"அவருக்கென்ன?"

எப்படிச் சொல்வது. எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது. பிறந்ததிலிருந்து இவளிடம் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்ததில்லை.

"அவரு படுத்திருக்காரு" என்றாள்.

"பொழுதோட என்ன தூக்கம்? எழுப்பிவிடு. மிச்சமிருக்கிற பாட்டிலையும் எடுத்துட்டு வரச் சொல்லு. இது போதாது" என்று அக்கா வைத்துவிட்டாள்.

மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. வேன் சாவி ஆணியில் தொங்கியது. அவளுக்கு ஓட்டத் தெரியாது. ஓடினால் ஊரின் மறுகோடி. போய்ச் சேருவதற்குள் தட்டு காலியாகிவிடும். அவள் கதவுவரை ஓடினாள். பாதியில் திரும்பி ஓடி வந்தாள். அவனை எழுப்பினாள். உலுக்கினாள். கத்தினாள். அவன் சிரிப்பு மாறவில்லை. அவள் பிடித்திருந்த மணிக்கட்டு அவள் கைக்குள்ளேயே மெலிந்தது.

பார்க்க முடியவில்லை. போர்வையை இழுத்து அவன் தலைவரை மூடினாள். கட்டிலின் காலடியில் தரையில் உட்கார்ந்து, கைவிரல்களைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

தோள் இருந்த இடத்தில் போர்வை கொஞ்சம் தாழ்ந்தது. அப்புறம் இடுப்பு. முழங்கால் மேடு நின்றது, நின்றது, பிறகு ஒரு பக்கமாகச் சரிந்து அடங்கியது. அவசரமில்லாமல். அங்கங்கே. ஒரு கடி. இன்னொரு கடி. ஜன்னலில் வெளிச்சம் மங்கும்போது கட்டிலில் போர்வை மட்டும் விரித்த மாதிரி கிடந்தது, தட்டையாக, ஒரு சுருக்கமில்லாமல்.

சமையலறையில், மிச்சமிருந்த பாட்டில்களின் மூடிகளில், ஒருக்களித்துப் படுத்தவனின் நிதானமான மூச்சு உள்ளே போயிற்று, வெளியே வந்தது.